அரிசியைக் கல்லென்று பொறுக்கும் கை
தன்னெதிர்ப்பு நோய்கள் எப்படி இயங்குகின்றன?

கெடாவின் மெர்போக், பீடோங் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் திருவிழாவுக்கு அன்னதானம் சமைக்கும் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். கால் நட்டுத் தகரம் போட்ட கூரை. கல் கூட்டிய அடுப்புகளின் மேல் அண்டாக்கள். ஓரத்தில் பாய் விரித்து நாலைந்து பேர் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல்லும் வண்டும் பொறுக்குகிறார்கள். கெட்டுப்போன மூட்டை தென்பட்டால் ஒருவர் அதன்மேல் சுண்ணாம்பால் கோடு இழுக்கிறார். கோடு விழுந்த மூட்டையை மறுபேச்சில்லாமல் தூக்கிப்போய்க் கொட்ட இரண்டு பேர் நிற்கிறார்கள். நடுவே தலைமைச் சமையல்காரர். எங்கே இன்னும் பார்க்க வேண்டும், எங்கே போதும் என்று சொல்வது அவர் வேலை.

நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் இந்தக் கொட்டகை மாதிரியேதான் வேலை செய்கிறது. கிருமி என்ற கல்லைப் பொறுக்குகிறது, குறி போடுகிறது, கொட்டிவிடுகிறது, வேலை முடிந்ததும் அடங்குகிறது. பொறுக்குகிற கை நல்ல அரிசியையே கல் என்று எடுத்து எறியத் தொடங்கினால் அதுதான் தன்னெதிர்ப்பு நோய். கை சோர்ந்துபோகவில்லை, முன்னைவிடச் சுறுசுறுப்பாகவே இருக்கிறது. எதை எறிவது என்ற அடையாளம் மட்டும் மாறிப்போய்விட்டது.

தொற்று என்றால் ஒரு கிருமியைக் காட்டலாம். புற்று என்றால் ஒரு கட்டியைக் காட்டலாம். இங்கே காட்டுவதற்குத் தனியாக ஒரு பொருள் இல்லை. அதனால் ஒரே சோதனை தீர்ப்புச் சொல்லிவிடாது. உடல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன அடையாளங்களை யாராவது ஒருவர் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

கொட்டகையைத் தாங்குவது எது?

கொட்டகையில் சமைப்பவர்களைத் தவிர, கொட்டகையைக் கொட்டகையாக நிறுத்தி வைப்பவையும் இருக்கின்றன: நட்ட கால், கட்டிய கயிறு, அடுப்புக் கல், தண்ணீர்க் குழாய். உடலில் அந்த வேலையைச் செய்வது இணைப்புத் திசு. தோலின் உள்ளடுக்கு, மூட்டைச் சுற்றிய உறை, தசைநாண், இரத்தக் குழாயின் சுவர், நுரையீரலையும் இதயத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உடலின் புரதத்தில் சுமார் 30 விழுக்காடு கொலாஜன் என்ற ஒரே இணைப்புப் புரதம்தான்.

இது இல்லாத இடமே இல்லை என்பதால் நோயும் எங்கு வேண்டுமானாலும் தலைகாட்டும். எறியும் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்த அணுக்கள் எனப் பல இடங்களில் கைவைப்பது லூபஸ். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகித் தடிப்பது ஸ்கிளிரோடெர்மா. தசையைத் தாக்குவது மயோசிட்டிஸ். நடிகை சமந்தா 2022 அக்டோபரில் தமக்கு இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னது இதைத்தான். கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை வறளச் செய்வது ஷோக்ரன் நோய். மூட்டு உறையை அரிப்பது முடக்குவாதம். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் முடக்குவாத நோயாளிகளிடையே இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட வெகு அதிகமாக இருந்தது. நம் வீடுகளில் இதைப் பேச வேண்டியதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கை எப்படிப் பழகுகிறது?

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. எதிர்ப்பாற்றலின் வேலையாட்களில் ஒரு வகை டி செல்கள். புதிதாக வேலைக்கு வரும் டி செல்கள் அங்கேதான் பழகுகின்றன. முறத்தைக் கையில் கொடுத்து நம் சொந்த அரிசியைப் பரப்பி வைத்துச் சோதிப்பதைப் போன்ற பயிற்சி அது. நல்ல அரிசியை ஆவேசமாக எடுத்து எறிகிற செல் அங்கேயே நீக்கப்படும். பழக வருகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை தைமஸை விட்டு வெளியே வருவதேயில்லை; அவ்வளவு கடுமையான தேர்வு.

இருந்தாலும் சில செல்கள் தப்பி வெளியே வந்துவிடுகின்றன. எல்லார் உடம்பிலும் அப்படிப்பட்டவை உண்டு. அப்படியிருக்க எல்லாருக்கும் ஏன் நோய் வருவதில்லை? தலைமைச் சமையல்காரர் இருப்பதால்தான். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை இருக்கிறது. மற்ற செல்களைப் பார்த்து ‘போதும், கையை எடு’ என்று அடக்குவது அவற்றின் பணி. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் கண்டார். அமெரிக்காவின் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் இவற்றோடு தொடர்புடைய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கோடு எங்கே தவறி விழுகிறது?

லூபஸை எடுத்துக்கொள்வோம். நம் உடலில் ஒவ்வொரு நாளும் கணக்கற்ற செல்கள் இறக்கின்றன. கொட்டகையில் உமியும் குருணையும் சேர்வது மாதிரி அதுவும் இயல்பு. உடனுக்குடன் கூட்டித் தள்ளிவிட்டால் தொந்தரவில்லை. கூட்டுவது தாமதமானால், செல்லின் கருவுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய டிஎன்ஏ வெளியே கிடக்கும். அதை அங்கே பார்த்துப் பழகாத பி செல்கள் என்ற இன்னொரு வகை வேலையாட்கள் அந்நியப் பொருள் என்று எண்ணி அதன்மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிடுகின்றன. அந்தக் கோடுதான் எதிர்ப்பொருள். கோட்டைக் கண்டதும் தூக்கிக் கொட்ட ஓடிவருகிறவை காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள்.

கோடு விழுந்த குப்பை சிறு சிறு கட்டிகளாகி இரத்தத்தோடு ஓடுகிறது. சல்லடை எங்கே இருக்கிறதோ அங்கே போய் அடைக்கிறது. உடலில் மிக நுண்ணிய சல்லடை சிறுநீரகம். அடைத்த இடத்தில் கொட்டுகிற ஆட்கள் கூடிச் சல்லடையையே கிழிக்கிறார்கள். அதுதான் லூபஸ் சிறுநீரக அழற்சி. லூபஸ் உள்ளவர்களில் பாதிப் பேர் வரை இதற்கு ஆளாகலாம். ஆசிய மக்களிடம் இது இன்னும் கூடுதல். கிழிகிறபோது வலிக்காது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

வெயிலும் இங்கே சேர்கிறது. புறஊதாக் கதிர் தோல் செல்களைக் கொல்கிறது, குப்பை கூடுகிறது, கோடும் கூடுகிறது. லூபஸ் உள்ளவர்களுக்கு வயலிலும் செம்பனையிலும் வேலை செய்தபின் முகத்தில் சிவப்புத் தடிப்பு எழுவதற்குக் காரணம் இதுதான்.

லூபஸ் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். பெண் ஹார்மோனும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக்களும் இதில் பங்கெடுக்கின்றன. ஆனால் மரபு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கும் வருவது சுமார் நாலில் ஒரு பங்குதான். இது ஒட்டுவாரொட்டியும் இல்லை, சாமிக் குற்றமோ செய்வினையோ இல்லை. நோயாளிப் பெண்ணைக் குறை சொல்லும் எந்தப் பேச்சுக்கும் வீட்டில் இடம் கொடுக்காதீர்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

வழக்கமாக நடப்பது இதுதான். சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம்பெண்ணுக்குக் காலையில் விரல்கள் மடங்கவில்லை. வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். ஆறு மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுகிறது; எண்ணெயை மாற்றுகிறாள். வாயில் வலிக்காத புண்; சூடு என்று இளநீர் குடிக்கிறாள். கன்னத்தில் சிவப்பு, வெயில் என்று விட்டுவிடுகிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளினிக், ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு துண்டு கதை. நாலையும் ஒன்றாகக் கேட்டிருந்தால் எந்த மருத்துவருக்கும் லூபஸ் என்ற எண்ணம் வந்திருக்கும்.

அந்த எண்ணம் வந்ததும் முதலில் எடுப்பது ஏஎன்ஏ என்ற இரத்தச் சோதனை. செல்லின் கருவுக்கு எதிரான சுண்ணாம்புக் கோடு இரத்தத்தில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. இதன் வேர் 1948இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் கூட இருந்தவர்களும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில், வேறு செல்லின் கருவை விழுங்கிய வெள்ளையணுக்களைக் கண்டார்கள். 1957இல் ஒளிரும் சாயம் கொண்டு அந்த எதிர்ப்பொருளைப் பார்க்கும் முறை வந்தது. அதன் வழிவந்த சோதனையே இன்றும் நடக்கிறது.

ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றதும் பலர் இடிந்துபோகிறார்கள். அவசரப்பட வேண்டாம். எந்தக் கொட்டகையிலும் ஒன்றிரண்டு சுண்ணாம்புத் தீற்றல் இருக்கத்தான் செய்யும். 1:40 என்ற குறைந்த அளவில் பார்த்தால் ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு இது பாசிட்டிவாக வரும். 1:160 அளவில் சுமார் 5 பேருக்கு. பாசிட்டிவ் என்பதால் மட்டும் நோய் இருக்கிறது என்று ஆகாது. நெகட்டிவ் என்றால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லலாம்.

அடுத்தபடி, கோடு எந்த மூட்டையின்மேல் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரட்டை இழை டிஎன்ஏ, எஸ்எம் ஆகியவற்றுக்கு எதிராக இருந்தால் லூபஸ் பக்கம் கை நீளும். ரோ, லா என்றால் ஷோக்ரன்; எஸ்சிஎல்-70 அல்லது சென்ட்ரோமியர் என்றால் ஸ்கிளிரோடெர்மா; ஜோ-1 என்றால் மயோசிட்டிஸ்; சிசிபி என்றால் முடக்குவாதம். கொட்டுகிற ஆட்கள் எல்லாரும் வேலையில் இறங்கிவிட்டால் இரத்தத்தில் மிச்சம் இருப்பவர்கள் குறைவார்கள். ஆகவே சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் அளவு இறங்கியிருந்தால் நோய் உள்ளே கொதிக்கிறது என்று பொருள்.

இவ்வளவுக்கும் நடுவே மிக மலிவான ஒரு சோதனையை மறந்துவிடக் கூடாது: சிறுநீர். புரதமும் இரத்தமும் ஒழுகுகிறதா என்று ஒரு பட்டையை நனைத்தே பார்த்துவிடலாம். ஒரு நாளில் அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது வழக்கம். சல்லடை எவ்வளவு கிழிந்திருக்கிறது, இன்னும் தைக்க முடியுமா என்பதை அது சொல்லும்.

ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் 2019இல் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலும் இதே வழியில்தான் போகிறது. முதலில் ஏஎன்ஏ குறைந்தது 1:80 இருக்க வேண்டும். அதன்பின் காய்ச்சல், மூட்டு, தோல், சிறுநீரகம், இரத்த அணு, எதிர்ப்பொருள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் லூபஸ் என்று வகைப்படுத்துகிறார்கள். ஆராய்ச்சிக்காக வகுத்த கணக்கு என்றாலும், சேர்த்துப் பார்ப்பதே வழி என்பதை உலகின் நிபுணர்களும் இதில் ஒப்புக்கொள்கிறார்கள்.

கையை அமைதிப்படுத்துவது எப்படி?

பொறுக்குகிறவர்கள் தவறு செய்கிறார்கள் என்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், நாளைக்குச் சோற்றில் கல்தான் இருக்கும். எதிர்ப்பாற்றலை முழுக்க அணைத்தால் சாதாரணக் கிருமி கூட உயிரெடுக்கும். ஆகவே சிகிச்சை என்பது எவ்வளவு அடக்குவது, எவ்வளவு விட்டுவைப்பது என்ற நிதானம்.

லூபஸின் அடிப்படை மருந்துக்கு நம் தோட்டங்களோடு பழைய உறவு உண்டு. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோரை மலேரியா கொத்துக் கொத்தாகக் கொன்ற காலத்தில் அவர்கள் விழுங்கிய கசப்பு மருந்து கொய்னா. அதைத் தரும் சிங்கோனா மரம் 1860களிலேயே நீலகிரியில் பயிரானது. 1894இல் லண்டனில் ஜோசப் பிராங்க் பெய்ன் என்ற மருத்துவர் தோல் லூபஸுக்கும் கொய்னாவைக் கொடுத்துப் பார்த்தார். செயற்கை மலேரியா மருந்தான மெப்பாக்ரின் லூபஸைத் தணிக்கிறது என்று 1951இல் பிரான்சிஸ் பேஜ் எழுதினார். அந்த வரிசையில் வந்து 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது ஹைட்ராக்சி குளோரோகுயின். பொறுக்குகிற கையின் பரபரப்பை அது மெல்லத் தணிக்கிறது, கையைக் கட்டிப்போடுவதில்லை. லூபஸ் உள்ள அநேகமாக எல்லாருக்கும் இது வேண்டும், கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டும். அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். நீண்ட காலத்தில் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் ஒன்று. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவதுதான் நோய் திரும்பப் பாய முக்கியக் காரணங்களில் ஒன்று.

நெருப்பு மேலே எழும்பிவிட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தேவை. 1948இல் அதே மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. அந்த வேகம் உயிரைக் காக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், கிருமி எளிதில் நுழையும். ஆகவே மருத்துவர்கள் சீக்கிரம் குறைத்து, முடிந்தால் ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவரவோ நிறுத்தவோ பார்க்கிறார்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தபோது உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம்.

ஸ்டீராய்டைக் குறைக்க இடம் கொடுப்பவை மற்ற மருந்துகள். மூட்டுக்கு மெத்தோட்ரெக்சேட்: இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பொட்டலத்தின்மேல் தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள். சிறுநீரகத்துக்கு மைகோபினோலேட் அல்லது சைக்ளோபாஸ்பமைட். கோடு இழுக்கிற பி செல்களைக் குறைக்க ரிட்டக்சிமாப், 2011இல் வந்த பெலிமுமாப். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கெயோர்க் ஷெட் குழுவினர் நோயாளியின் சொந்த டி செல்களை எடுத்து, பி செல்களை மட்டும் தேடி அழிக்குமாறு மாற்றி, திரும்பச் செலுத்தினார்கள். 2022இல் வெளியிட்ட அவர்களின் அறிக்கையில், கடுமையான லூபஸ் கொண்ட 5 பேரும் மற்ற மருந்துகளை நிறுத்தியும் நோயின்றி இருந்தார்கள். இது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வழி திறந்திருக்கிறது.

1950களில் லூபஸ் என்று சொல்லப்பட்டவர்களில் 5 ஆண்டைத் தாண்டியவர்கள் பாதிப் பேர்தான். இன்று நல்ல கவனிப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல். நோய் அதேதான், சீக்கிரம் கண்டுபிடிப்பதும் விடாமல் கவனிப்பதும்தான் கூடியிருக்கின்றன.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை

மூட்டுவலிக்கு விற்கும் பதிவில்லாத ஜாமு மாத்திரைகளிலும் பொடிகளிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். அது நோயை மூடி மறைத்து, கண்டுபிடிப்பதையும் தள்ளிப்போடும். பொட்டலத்தில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, மண்ணும் தண்ணீரும். கெடாவின் வயல் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றைத் தருகிறது. அலோர் ஸ்டார் வட்டாரத்தில் இதைப் பற்றிய ஆய்வுகளே நடந்திருக்கின்றன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள், வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் மலையிலிருந்து யான், மெர்போக் பக்கம் நீர் பாய்ந்து வந்ததைப் போன்ற சமயங்களில், சேற்றைக் கழுவும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை.

மூன்றாவது, பிள்ளைப் பேறு. லூபஸ் உள்ள பெண் தாயாகலாம். நோய் 6 மாதமாவது அடங்கியிருந்து, மருத்துவரிடம் பேசி, கருவுக்கு ஆகாத மெத்தோட்ரெக்சேட், மைகோபினோலேட் போன்றவற்றை முன்கூட்டியே மாற்றியபின் கருத்தரிக்க வேண்டும். ‘இவளுக்குக் கல்யாணம் ஆகாது’ என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் ஆதாரமே இல்லை.

கடைசியாக, செய்ய வேண்டியது ஒன்று. ஒரு நோட்டு வாங்குங்கள். விரல் எத்தனை நேரம் விறைத்திருந்தது, வாய்ப்புண் எப்போது வந்தது, எந்த வெயிலுக்குப் பின் தடிப்பு எழுந்தது, குளிர் அறையில் விரல் வெளுத்து நீலமானதா, மூச்சிழுத்தால் மார்பு வலித்ததா, சிறுநீர் நுரைத்ததா, கால் வீங்கியதா, எந்தக் கிளினிக்கில் எந்த மாத்திரை கொடுத்தார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். தடிப்பைக் கைப்பேசியில் படம் எடுங்கள். அரசு கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். அங்கே நோட்டை நீட்டிச் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் கடிதம் வாங்கிச் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 வெள்ளி. சிறுநீரகம் கிழிவது வலிக்காது என்பதால் அது தானாக உங்களை மருத்துவமனைக்கு அனுப்பாது. நோட்டில் உள்ள நாலு வரியும் கேட்டு வாங்கிய ஒரு சிறுநீர்ச் சோதனையும்தான் அனுப்பும்.